சுடாத பாறை

"அம்மா, என் உடம்பு என் பேச்சைக் கேக்கல. அதுகூடப் பரவால்ல. மருமக பேச்சை மட்டும் கேக்குது."

குற்றாலிங்கம் வந்ததும் இதைத்தான் சொன்னார். கும்பிடக்கூட மறந்துவிட்டார். தோளில் துணிப்பை தொங்கிக்கொண்டே இருந்தது.

அவருக்கு வயது எழுபத்தொன்று. முப்பத்தாறு வருஷம் ரயில் ஓட்டியவர். சர்க்கரை வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது.

எதிரே இருந்த உலகம்மைக்கு ஐம்பத்தொன்பது. மலைச்சரிவில் இருந்த அந்தச் சின்ன மடத்துக்கு அவர்தான் தலைவி. எல்லோருக்கும் அம்மா. காவிச் சேலை தரையில் புரளும். கையில் எப்போதும் ஒரு ஊன்றுகோல். அவருக்கும் சர்க்கரை உண்டு என்று ஊரில் சொல்வார்கள்.

"மருமக என்ன செய்யுதா அண்ணாச்சி?"

"மாத்திரையை ஒரு டப்பாவில போட்டு வைக்கா. காலை, மத்தியானம், ராத்திரின்னு மூணு குழி. நான் முழுங்குறத நின்னு பாக்கா. அப்புறம் நாக்கைத் தூக்கச் சொல்லுதா. அம்மா, எழுபத்தொரு வயசுல நாக்கைத் தூக்கிக் காட்டுதேன்!"

"ம்."

"ஊசி குத்துறது என் விரல்ல. ரிசல்ட் போறது மகன் செல்லுக்கு. அவன் சாயங்காலம் வந்து, பரீட்சை மார்க் மாதிரி எனக்குச் சொல்லுவான். தெருவில ஒருத்தனும் சாப்பிட்டாச்சான்னு கேக்கதில்ல. சுகர் எவ்வளவுன்னுதான் கேக்கான்."

அம்மா சிரிக்கவில்லை. அது குற்றாலிங்கத்துக்கு ஆறுதலாக இருந்தது.

"போன வாரம் ஒரு கல்யாணம். பந்தியில ஜாங்கிரி வச்சான். நான் தொட்டேன். தொட்டதோட சரி. எதிர் வரிசையில இருந்து 'மாமா!'ன்னு ஒரு சத்தம். பந்தியே திரும்பிப் பாத்துது. பரிமாறுதவன் ஓடிவந்து என் இலையில இருந்த ஜாங்கிரியை எடுத்துட்டுப் போயிட்டான்."

இந்த வயதில் ஜாங்கிரிக்காக ஒரு மனிதர் அழுவாரா என்று கேட்காதீர்கள். அழுதார்.

"பதினெட்டுப் பெட்டி, ஆயிரம் சனம். என் ஒரு கையில நின்னுச்சு. இப்ப ஒரு காபி டம்ளர் என் இஷ்டத்துக்கு வர மாட்டேங்கு. எனக்கு ஒரு வழி சொல்லுங்க. என் உடம்பை நான் ஆளணும்."

அம்மா சம்பந்தமில்லாமல் ஒன்று கேட்டார்.

"வண்டி எடுக்கதுக்கு முன்னால என்ன செய்வீங்க?"

பதினொரு வருஷமாக அவரிடம் ரயிலைப் பற்றி யாரும் கேட்டதில்லை. குற்றாலிங்கம் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எஞ்சினைச் சுத்தி ஒரு நடை நடப்பேன். எல்லாம் பாப்பேன். பெரிய ஸ்டேசன்ல நின்னா இறங்கி, சக்கரத்து அச்சுப் பெட்டியப் புறங்கையால தொட்டுப் பாப்பேன்."

"எதுக்கு?"

"சூடு இருக்கான்னுதான். அச்சு காஞ்சு போச்சுன்னா சுட ஆரம்பிக்கும். கவனிக்காம ஓட்டுனா ஒடிஞ்சிரும். வண்டி கவுந்துரும்."

"சுட்டா அது சத்தம் போடாதா?"

குற்றாலிங்கத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சக்கரம் வந்து நம்ம கிட்டச் சொல்லுமாம்மா? சத்தம் கேக்கும்போது எல்லாம் முடிஞ்சிருக்கும். நாமதான் இறங்கிக் குனியணும்."

"சூடு இருந்தா?"

"வண்டி அங்கயே நிக்கும். மந்திரியே உள்ள இருந்தாலும் எடுக்க மாட்டேன்."

அம்மா இடுப்பிலிருந்து ஒரு சாவியை எடுத்து அவர் முன்னால் வைத்தார்.

"சரக்கறைச் சாவி. கருப்பட்டி, வெல்லம், அரிசி எல்லாம் உள்ள இருக்கு. இங்கயே தங்குங்க. இனிமே இது உங்க கையில."

குற்றாலிங்கம் சாவியைப் பார்த்தார். அம்மாவைப் பார்த்தார். தப்பாகக் கேட்டுவிட்டோமோ என்று நினைத்தார்.

"அம்மா, நான் சர்க்கரைக்காரன்."

"தெரியும்."

"நான் பாட்டுக்கு அள்ளித் தின்னுட்டா?"

"யாரும் பாக்க மாட்டாங்க. மாத்திரை போடுறதையும் யாரும் பாக்க மாட்டாங்க."

அவர் சாவியை எடுத்தார். இடுப்பில் செருகிக்கொண்டார்.

"இன்னொண்ணு, அண்ணாச்சி. செருப்பைக் கழட்டாதீங்க. மடத்துக்குள்ளயும் போட்டுக்கோங்க. மலையிலயும் போட்டுக்கோங்க."

இதுதான் அவரை உலுக்கிவிட்டது. மடத்துக்குள் செருப்பா?

*

குற்றாலிங்கம் ஞானக் கதைகள் நிறையப் படித்தவர். ஓய்வு பெற்றபின் வேறு வேலை இல்லை.

கதையில் குரு ஒன்று சொன்னால் அதற்கு அர்த்தம் வேறாகத்தான் இருக்கும். தண்ணீர் என்றால் தண்ணீர் இல்லை. படகு என்றால் படகு இல்லை.

அன்று மத்தியானம் முழுக்க வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து யோசித்தார்.

செருப்பு என்றால் அகந்தை. கழற்றாதே என்று குரு சொல்கிறார். அப்படியானால் சீடன் சுயமாகக் கழற்ற வேண்டும். அதுதான் சோதனை!

தன் புத்திக்கூர்மையில் அவருக்கே பெருமை தாங்கவில்லை. செருப்பை வாசலில் விட்டார்.

அம்மா இரண்டு சொன்னார். ஒன்றைக் குற்றாலிங்கம் அப்படியே எடுத்துக்கொண்டார். மற்றதைப் புரிந்துகொண்டார். புரிந்துகொண்டதில்தான் வந்தது வினை.

*

முதல் நாள் சரக்கறையைத் திறந்து ஒரு கட்டி கருப்பட்டி எடுத்துத் தின்றார். தின்றுவிட்டுச் சுற்றுமுற்றும் பார்த்தார்.

யாரும் கத்தவில்லை.

சமையல்கார மாடத்தி குறுக்கே போனாள். அவரைப் பார்த்தாள். "அண்ணாச்சி, அந்தப் பயறை எடுத்துத் தாங்க" என்றாள். அவ்வளவுதான்.

இரண்டாம் நாள் அரைக் கட்டி. மூன்றாம் நாள் டப்பாவைத் திறந்து மோந்து பார்த்து மூடினார்.

நான்காம் நாள் திறக்கவே இல்லை. சாவி இடுப்பில் இருந்தது. அதுவே இனித்தது.

மாத்திரையைத் தானே எடுத்தார். தானே முழுங்கினார். ஒருநாள் மறந்து, மத்தியானம் ஞாபகம் வந்து, "ஏய் கிறுக்கா" என்று தன்னையே திட்டிக்கொண்டார். அந்தத் திட்டு அவருக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

மருமகள் சண்முகக்கனி போனில் கூப்பிட்டாள்.

"மாமா, மாத்திரை?"

"போட்டாச்சு."

"நாக்கு?"

"அது வாயிலதான் இருக்கு, தாயி" என்றார்.

செவ்வாய்க்கிழமை கீழே ஊருக்கு நர்ஸ் வருவாள். வரிசையில் நின்று விரலை நீட்டினார். நூற்று முப்பத்தெட்டு. அந்த எண்ணை யாருக்கும் சொல்லவில்லை. மலை ஏறும் வழியெல்லாம் தனக்குள்ளேயே சொல்லிக்கொண்டு வந்தார். தூங்கும்போதும் சொன்னார். பல வருஷத்துக்குப் பிறகு நன்றாகத் தூங்கினார்.

சந்தோஷமாக இருந்தார். அதை மறைக்க என்ன இருக்கிறது? மனிதருக்கு மீசையை முறுக்கும் பழக்கம் திரும்பி வந்துவிட்டது.

*

மடத்துக்குப் பின்னால் ஒரு பெரிய பாறை. மேலே ஒரு வேல் நட்டிருக்கும். உச்சிப் பூசை மணி அடித்ததும் வெறுங்காலோடு அந்தப் பாறையை மூன்று சுற்று வர வேண்டும். ஊரில் இதை உச்சிச் சுற்று என்பார்கள்.

கத்திரி வெயிலில் அது சாதாரண விஷயம் இல்லை. வாலிபர்களே குதித்துக் குதித்து ஓடுவார்கள். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி, ஈரச் சாக்கு விரித்து வைப்பார்கள். ஊற்றிய தண்ணீர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காய்ந்துவிடும்.

குற்றாலிங்கம் ஒருநாள் பல்லைக் கடித்துக்கொண்டு காலை வைத்தார்.

சுடவில்லை.

இன்னொரு காலை வைத்தார். அதுவும் சுடவில்லை. சாக்கை விட்டு இறங்கிப் பார்த்தார். சாய்வு நாற்காலியிலிருந்து எழுந்து வீட்டுக்குள் நடப்பதுபோல நடந்தார். மூன்று சுற்று முடித்தார்.

குதித்துக்கொண்டிருந்தவர்கள் நின்று பார்த்தார்கள். நிற்க முடியாமல் திரும்பவும் குதித்தார்கள்.

"சாமி" என்றாள் ஒரு பெண்.

மறுநாள் நாலு பேர் சாமி என்றார்கள். அந்த வாரக் கடைசியில் குழந்தைகளைத் தூக்கி வந்து அவர் காலடியில் போட்டார்கள். மாடத்திகூட அண்ணாச்சி என்பதை விட்டுவிட்டுச் சாமி என்று கூப்பிட ஆரம்பித்தாள்.

பந்தியே திரும்பிப் பார்க்க அவமானப்பட்ட மனிதர். இப்போது மலையே திரும்பிப் பார்க்கிறது. அவரை மட்டும் குறை சொல்லிப் பயன் இல்லை.

அம்மா பாறைக்கு வருவதில்லை. கோலை ஊன்றி மெதுவாக மடத்துக்குள்ளேயே நடமாடுவார். குற்றாலிங்கத்தின் குரல் கேட்டால் ஒன்று மட்டும் கேட்பார்.

"செருப்பு இருக்கா, அண்ணாச்சி?"

"இருக்கும்மா."

பொய் இல்லை. வாசலில் இருந்தது.

*

குரு பௌர்ணமி வந்தது.

வருஷா வருஷம் சீடர்கள் தாம்பாளமும் பூவுமாக வந்து நிற்பார்கள். "அம்மா, பாதபூஜை செய்யணும்" என்பார்கள். அம்மா மாட்டேன் என்பார். வற்புறுத்தினாலும் மாட்டேன்தான். அம்மாவின் பாதத்தை யாரும் பார்த்ததே இல்லை. சேலைக் கரையைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுச் சாப்பிடப் போவார்கள்.

அந்த வருஷமும் அம்மா மாட்டேன் என்றார்.

குற்றாலிங்கம் எழுந்து நின்றார். மீசையைத் தடவிக்கொண்டார்.

"அம்மா, எனக்கு மட்டும் குடுங்க. எனக்கு அந்தத் தகுதி வந்துட்டு."

அம்மா அவர் பக்கம் திரும்பினார்.

"என்ன தகுதி?"

"உடம்புப் பற்று விட்டுப் போச்சும்மா. ஆளணும்னு வந்தேன், ஜெயிச்சே போட்டேன். பாறை எனக்குச் சுடல."

அம்மாவின் கையிலிருந்து கோல் நழுவித் தரையில் விழுந்தது.

"என்னைக்கு இருந்து?"

"கத்திரி ஆரம்பத்துல இருந்தே. ரெண்டு மாசமா தினமும் மூணு சுத்து."

"செருப்பு இருக்குன்னு சொன்னீங்களே?"

"வாசல்ல இருக்கும்மா." குற்றாலிங்கம் சிரித்தார். நீங்கள் சொன்னதன் சூட்சுமம் எனக்குத் தெரியாதா என்கிற சிரிப்பு.

அம்மா சிரிக்கவில்லை. அம்மாவின் முகம் வெளுத்ததை அன்றுதான் எல்லோரும் பார்த்தார்கள்.

"மாடத்தி, பெஞ்சைப் போடு. தாம்பாளத்தை எடு. பாதபூஜை நடக்கும்."

கூட்டத்தில் ஒரு சந்தோஷ முணுமுணுப்பு. பெண்கள் குலவை போட்டார்கள்.

அம்மா பெஞ்சைக் காட்டினார்.

"உக்காருங்க, அண்ணாச்சி."

"நானா?"

"நீங்கதான்."

"அம்மா, நான்தானே உங்களுக்கு..."

"உக்காருங்க!"

சிவப்பு சிக்னலைக் கண்டால் நிற்பது அவர் ரத்தத்தில் ஊறியது. உட்கார்ந்தார்.

அம்மா ஒரு காலை நீட்டியபடி முக்காலியில் உட்கார்ந்தார். செம்புத் தண்ணீரில் முழங்கையை வைத்துச் சூடு பார்த்தார். பிறகு குற்றாலிங்கத்தின் வலது காலைத் தூக்கித் தன் மடியில் வைத்தார்.

"ஐயோ!"

அது குற்றாலிங்கம் போட்ட கூச்சல். கூட்டமும் சேர்ந்து கூச்சல் போட்டது. குரு சீடன் காலைப் பிடிப்பதா? ஒரு பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

"அம்மா, எனக்குப் பாவம் சேரும்மா! விடுங்கம்மா!"

"அசையாதீங்க."

அவர் வெட்கத்தில் கண்ணை இறுக மூடிக்கொண்டார். கண்ணீர் வழிந்தது.

அம்மா தண்ணீர் ஊற்றினார். கணுக்காலைக் கழுவினார். விரல் இடுக்குகளில் துணியை விட்டுத் துடைத்தார். தாம்பாளத்தில் விழுந்த தண்ணீர் காவி நிறமாக இருந்தது. ஏதோ ஒரு வாடை வந்தது. முன் வரிசையில் இருந்தவர்கள் மூக்கைச் சுளித்தார்கள். பூ வாடையும் இல்லை, மஞ்சள் வாடையும் இல்லை.

அம்மா புறங்கையை உள்ளங்காலில் வைத்தார். கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். பிறகு கட்டைவிரலால் தடவினார். சுண்டுவிரலுக்குக் கீழே வந்ததும் விரல் நின்றுவிட்டது.

"மாடத்தி, உன் கண்ணைக் குடு."

மாடத்தி குனிந்து பார்த்தாள். தலையில் அடித்துக்கொண்டாள்.

"அம்மா, ஓட்டைம்மா. தோலெல்லாம் வெந்து கிடக்கு. உள்ள கருப்பா என்னமோ..."

"முள்வாங்கி இருக்கா?"

மாடத்தியின் இடுப்புச் சாவிக்கொத்தில் முள் பிடுங்கும் அந்தச் சின்ன இடுக்கி எப்போதும் தொங்கும். கருவேலங்காட்டுக்காரி.

"எடு."

மாடத்தி பிடித்து இழுத்தாள். வரவில்லை. இன்னொரு தடவை இழுத்தாள்.

எல்லோரும் பார்த்தார்கள். அது வந்தது, வந்துகொண்டே இருந்தது. அரை விரல் நீளம்.

குற்றாலிங்கம் கண்ணைத் திறக்காமலே கேட்டார்.

"பூ வைக்கீங்களாம்மா?"

ஒரு பெண் ஓவென்று அழுதுவிட்டாள்.

தாம்பாளத்தில் ஏதோ விழுந்தது. குற்றாலிங்கம் கண்ணைத் திறந்தார். கருவேல முள். கறுத்து, ஊறி, ரத்தமும் சீழுமாகக் கிடந்தது.

"இது எங்க இருந்துது?"

"உங்க கால்ல."

"எப்ப இருந்து?"

"நீங்கதான் சொல்லணும், அண்ணாச்சி. உங்க கால்."

மாடத்தி முகம் பார்க்கும் கண்ணாடியைக் கொண்டுவந்து பாதத்துக்குக் கீழே பிடித்தாள். குற்றாலிங்கம் பார்த்தார். அந்தக் கால் யாருடையதோ என்று ஒரு நிமிஷம் நினைத்தார். விரலை ஆட்டினார். கண்ணாடியிலும் விரல் ஆடியது.

தண்டவாளத்தில் யானை நின்ற ராத்திரியில்கூட அவர் இப்படிப் பயந்ததில்லை.

"வலிக்கலையேம்மா. வலிக்கலையே!"

"ஆமா. சர்க்கரைக்குக் கால் மரத்துப் போச்சு."

"அப்ப நான் ஜெயிச்சது?"

அம்மா கீழே கிடந்த கோலை எடுத்தார். சேலைக்கு மேலே தன் இடது காலைத் தட்டினார்.

டொக்.

இன்னொரு தடவை தட்டினார். டொக்.

பிறகு சேலைக் கரையை முழங்கால்வரை தூக்கினார். பதினேழு வருஷமாக யாரும் பார்க்காத பாதம். அது மரம். மேலே தோல் வாரும் இரும்புக் கொக்கியும் இருந்தன.

பின்னால் யாரோ "முருகா" என்றார்கள்.

"நானும் அந்தப் பாறையில நடந்தேன். எனக்கும் சுடல. மூணு வருஷம் என்னையும் சாமின்னு கும்பிட்டாங்க."

அம்மா சேலையை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"கும்பிட்ட ஆள் ஒருத்தரும் காலைத் திருப்பிப் பாக்கல."

குற்றாலிங்கம் தேம்பினார்.

"அம்மா, அந்தச் செருப்பு... நீங்க சொன்னது..."

"செருப்பைத்தான் சொன்னேன்."

"நான் அதுக்கு வேற அர்த்தம்னு..."

"செருப்புக்கு என்ன அண்ணாச்சி வேற அர்த்தம்?"

*

அன்றைக்கே கீழே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள்.

இன்னும் நாலு நாள் போயிருந்தால் முழங்காலுக்குக் கீழே எடுத்திருக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னார். சுண்டுவிரல் போயிற்று. பாதம் பிழைத்தது. சர்க்கரை கட்டுக்குள் இருந்ததால் பிழைத்தது என்றும் சொன்னார். அதைக் கேட்டுக் குற்றாலிங்கம் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியாமல் சுவரைப் பார்த்தார்.

ஆஸ்பத்திரியில் இருந்த மூன்று வாரமும் சண்முகக்கனி கட்டிலுக்குப் பக்கத்திலேயே இருந்தாள். ஒரு வார்த்தை திட்டவில்லை. அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

வீட்டுக்கு அனுப்பும் நாளில் டாக்டர் கேட்டார்.

"இவரைத் தினமும் யார் பாத்துக்குவீங்க? காலை தினமும் பாக்கணும்."

மகனும் மருமகளும் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தார்கள்.

"நான் பாத்துக்குவேன்" என்றார் குற்றாலிங்கம்.

சண்முகக்கனியின் முகம் சுருங்கியது.

"என்னால குனிய முடியல. கண்ணாடிய மட்டும் இவ பிடிக்கட்டும்."

சண்முகக்கனி பொலபொலவென்று அழுதாள். அவர் இதை எதிர்பார்க்கவே இல்லை.

*

சாவியைத் திருப்பிக் கொடுக்க மடத்துக்கு வந்தார்.

மறுநாள் ஆடிக் கிருத்திகை. மடத்தில் ஒரே பரபரப்பு. செருப்போடு உள்ளே வந்தவரைப் பார்த்து இரண்டு பேர் முறைத்தார்கள். அவர் கண்டுகொள்ளவில்லை. டக் டக்கென்று நேராக அம்மாவிடம் போனார்.

"சத்தம் நல்லா இருக்கு" என்றார் அம்மா.

குற்றாலிங்கம் பையிலிருந்து துண்டும் கண்ணாடியும் எடுத்து வைத்தார்.

"பாதபூஜை செய்ய வந்திருக்கேன்."

"ஒண்ணுதான் இருக்கு."

"ஒண்ணு போதும்."

"வேண்டாம், அண்ணாச்சி. நான் தினமும் பாக்குதேன்."

"எதை வச்சு?"

"கண்ணாடிய வச்சுத்தான். ஒண்ணைப் பறிகுடுத்தவளுக்குச் சொல்லியா குடுக்கணும்?"

குற்றாலிங்கத்துக்கு மாடத்தி குனிந்த நாள் ஞாபகம் வந்தது. உன் கண்ணைக் குடு என்று அம்மா சொன்னது ஞாபகம் வந்தது. ரெண்டு மாசம் தன் வெறுங்கால் அவர் எதிரிலேயே நடந்ததும் ஞாபகம் வந்தது.

கண்ணாடியை எடுத்தார். அதைத் திருப்பி, அட்டை ஒட்டிய பின்பக்கத்தை அம்மாவின் பாதத்துக்குக் கீழே பிடித்தார்.

"தெரியுதாம்மா?"

அம்மா குனிந்தார். கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்தார்.

"தெரியுது. சுத்தமா இருக்கு."

பக்கத்தில் தேங்காய் உரித்துக்கொண்டிருந்த மாடத்தியின் கையிலிருந்து தேங்காய் விழுந்தது.

குற்றாலிங்கம் அம்மாவின் கையை எடுத்துக் கண்ணாடியின் பின்பக்க அட்டைமேல் வைத்தார். அம்மாவின் விரல்கள் தடவிப் பார்த்தன. பிறகு அசையவில்லை.

"எத்தனை நாளாம்மா?"

அம்மா அட்டையிலிருந்து கையை எடுத்தார். அந்தக் குரலைக் குற்றாலிங்கம் கேட்டதே இல்லை. சின்னக் குரல்.

"ஒன்றரை வருஷம். நிழலா ஆள் தெரியும். அவ்வளவுதான்."

"யாருக்கும் சொல்லலையா? மாடத்திக்குக்கூட?"

"சொன்னா என்ன ஆகும்? அம்மாவுக்குக் கண்ணு போச்சும்பாங்க. சாவியை வாங்கிருவாங்க. யாராவது ஒருத்தி மூணு குழி டப்பாவைக் கொண்டுவருவா. நாக்கைத் தூக்குங்கம்மான்னு சொல்லுவா."

கீழே உட்கார முடியாத மனிதர், கட்டுப்போட்ட காலை நீட்டிக்கொண்டு எப்படியோ தரையில் உட்கார்ந்தார்.

அம்மாவின் மிச்சமிருந்த ஒரு காலை எடுத்து மடியில் வைத்தார். மாடத்தி தண்ணீர் ஊற்றினாள். கழுவினார். துடைத்தார். பார்த்தார். புண் இல்லை. முள் இல்லை. தோல் எங்கும் உடையவில்லை.

மாடத்தி பெருமூச்சு விட்டாள்.

குற்றாலிங்கம் இன்னும் காலை விடவில்லை. புறங்கையைத் திருப்பினார். குதிகாலில் வைத்தார். பாதத்தின் நடுவுக்கு நகர்த்தினார். விரல்களுக்குக் கீழே வந்ததும் கை நின்றுவிட்டது. கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்தார். திரும்பவும் அங்கேயே வைத்தார்.

முப்பத்தாறு வருஷம் அந்தக் கை பொய் சொன்னதில்லை.

"அம்மா, சுடுது."

"எனக்கு ஒண்ணும் தெரியலையே?"

"உங்களுக்குத் தெரியாதும்மா. இப்பமே ஆஸ்பத்திரிக்குப் போகணும். தரையில கால் ஊணக்கூடாது. நாற்காலியில வச்சுத் தூக்கிட்டுப் போறோம்."

அம்மா பதறிப்போனார்.

"நாளைக்குக் கிருத்திகை, அண்ணாச்சி! ஐந்நூறு பேர் வருவாங்க. அவங்க முன்னால நான் நடந்து போகணும். நாளைக்கு ஒருநாள் போகட்டும்."

குற்றாலிங்கம் சரக்கறைச் சாவியை எடுத்து அம்மாவின் கையில் வைத்தார். விரல்களை மடக்கி மூடினார்.

"சாவி உங்க கிட்டயே இருக்கட்டும். மந்திரியே உள்ள இருந்தாலும் நான் வண்டி எடுக்க மாட்டேன்."